யுகுலேலேயில் கை இறுகாமல் மீட்டுவதற்கு எந்த முறை ஏற்றது?

திருநகர் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது கூடவே வாசிப்பதற்காகச் சொப்ரானோ யுகுலேலே (கிட்டார் போன்ற நான்கு தந்திச் சிறு கருவியின் சிறிய அளவு) ஒன்று வாங்கி, சி, எஃப், ஜி7, ஏ மைனர் ஆகிய கார்டுகளை (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல்பிடிகளை)த் தடங்கலின்றி மாற்றும் அளவுக்குப் பழகியிருக்கிறேன். இடது கையில் சிக்கல் இல்லை. வலது கைதான் இன்னும் படியவில்லை.

கட்டைவிரலின் சதையால் மீட்டும்போது ஒலி இதமாக இருக்கிறது; ஆனால் பாட்டு சற்று விரைந்தால் என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆள்காட்டி விரலால் மீட்டினால் கீழ்நோக்கிய அடி தெளிவாக விழுகிறது. மேல்நோக்கி வரும்போது விரல்நுனி முதல் தந்தியான ஏ தந்தியில் சிக்கிக்கொண்டு, அந்த ஒரு தந்தி மட்டும் சுண்டிவிட்டதுபோல் துருத்திக்கொண்டு கேட்கிறது. கருவியோடு சேர்த்துத் தந்த பிளாஸ்டிக் பிக்கையும் (தந்தி மீட்டும் சில்லு) பயன்படுத்திப் பார்த்தேன். வகுப்பறையில் பிள்ளைகளின் குரலைவிட அதன் 'டக் டக்' ஓசைதான் முன்னால் நிற்கிறது. எந்த முறையில் வாசித்தாலும் இரண்டு பாட்டு முடிவதற்குள் மணிக்கட்டும் முன்கையும் இறுகிவிடுகின்றன. வகுப்பில் நான் பெரும்பாலும் நின்றுகொண்டே வாசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காணொளிகளில் ஆளுக்கொரு முறையைச் சரி என்கிறார்கள். கைக்கு வசதியான ஒரு முறையைத் தேர்ந்துகொண்டு அதிலேயே உறுதியாகப் பழக விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கே.புதூர் கிட்டார்:

சகோதரிக்கு வணக்கம். நான் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டாரும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக யுகுலேலேயும் வாசிப்பவன்.

பிளாஸ்டிக் பிக்கை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். அது எஃகுத் தந்திகளுக்குப் பொருந்துவது. உங்கள் கருவியில் இருப்பவை நைலான் தந்திகளாகவோ ஃப்ளூரோகார்பன் தந்திகளாகவோ இருக்கும். அவற்றின் இழுவிசை குறைவு என்பதால், கெட்டியான பிக் பட்டவுடன் தந்தியின் நாதத்துக்கு முன்பாகப் பிக்கின் தட்டல் ஓசையே காதில் விழும். பிக்கால்தான் வாசிக்க வேண்டும் என்றால் ஃபெல்ட் துணியால் ஆன தடித்த பிக்கை வாங்கலாம். அதன் ஒலி மென்மையானது. நாளாக ஆக விளிம்பு தேய்ந்து பஞ்சு உதிரும், அவ்வளவுதான்.

விரலைத் தேர்ந்தெடுக்கும் முன் தந்திகளின் அமைப்பை ஒருமுறை கவனிப்பது நல்லது. கிட்டாரில் முகத்துக்கு அருகில் உள்ள தந்தி மிகத் தாழ்ந்த சுருதி உடையது. அதனால்தான் கட்டைவிரலால் அதை முதலில் தட்டி, பிறகு மற்றத் தந்திகளை மீட்டும் பழக்கம் கிட்டார்க்காரர்களுக்கு உண்டு. யுகுலேலேயின் வழக்கமான ஜி-சி-இ-ஏ சுருதியில் முகத்துக்கு அருகில் உள்ள ஜி தந்தி, அதை அடுத்துள்ள சி, இ இரண்டையும்விட உயர்ந்தது. மறுமுனையில் உள்ள ஏ தந்தியைவிட ஒரு முழுச் சுரம் மட்டுமே தாழ்ந்தது. இரு ஓரங்களிலும் உயர்ந்த தந்திகள், நடுவில் தாழ்ந்தவை. ஆகவே மேலிருந்து மீட்டினாலும் கீழிருந்து மீட்டினாலும் முதலில் கேட்பது உயர்ந்த ஒலிதான். இரு திசை அடிகளும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் கேட்கும் இந்தத் தன்மையால், யுகுலேலேயில் மேல்நோக்கிய அடிக்கும் கீழ்நோக்கிய அடிக்குச் சமமான இடம் கிடைக்கிறது.

இருந்தாலும் உங்கள் தேவை பிள்ளைகளின் பாட்டுக்குத் துணை நிற்பது மட்டுமே. நான்கு எண்ணிக்கைக்கு நான்கு முறை கட்டைவிரலால் கீழ்நோக்கி மீட்டினாலே அவர்கள் அழகாகப் பாடிவிடுவார்கள் என்பது என் கருத்து.

மேலூர் யுகுலேலே பயிற்றுநர்:

புதூர் நண்பர் தந்தி அமைப்பைப் பற்றிச் சொன்னது மிகச் சரியான விளக்கம். ஆனால் கட்டைவிரலோடு நின்றுவிடலாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரு திசையிலும் ஒன்றுபோல் ஒலிக்கும் கருவியில் ஒரு திசையை மட்டும் பயன்படுத்தினால், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் கை ஒலி எழுப்பாமல் மேலே திரும்ப வேண்டியிருக்கிறது. வேகம் கூடும்போது அந்த வெற்றுப் பயணமே கையைக் களைப்படையச் செய்கிறது.

அம்மா, எந்த விரலால் மீட்டினாலும் கை இறுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறைகளிலும் ஒரே விளைவு என்றால் காரணம் விரலில் இருக்க வாய்ப்பில்லை. கருவியைப் பிடிக்கும் விதத்தில்தான் இருக்க வேண்டும். மடெய்ராத் தீவிலிருந்து 1879-இல் ஹொனலூலுவில் வந்திறங்கிய குடியேறிகள் கொண்டுவந்த மச்சேத் என்ற சிறு தந்திக் கருவியிலிருந்து ஹவாயில் உருவானது யுகுலேலே. அளவில் சிறியது என்பதால், தோள்வார் இல்லாமல் வலது முன்கையால் நெஞ்சோடு அணைத்து வாசிக்கும் வழக்கம் சொப்ரானோவில் இன்றும் தொடர்கிறது. அப்படி வாசிக்கும்போது வலது கை தாங்கும் வேலையையும் மீட்டும் வேலையையும் ஒருசேரச் செய்கிறது. பழகியவர்கள் மிகக் குறைந்த அழுத்தத்தில் தாங்கிக்கொள்வார்கள்; புதியவர்களோ கருவி நழுவிவிடுமோ என்ற எண்ணத்தில் முன்கையை இறுக்குவார்கள். முன்கை இறுகியபின் மணிக்கட்டு எப்படித் தளரும்? சித்திரை, வைகாசி வெயிலில் வேறொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது: வியர்த்த கை கருவியின் வார்னிஷில் ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். அந்த மாதங்களில் முழங்கைக்குக் கீழ்வரை வரும் பருத்திக் கையுள்ள உடை உதவும்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. கையில்லாத நாற்காலியில் அமர்ந்து, கருவியின் அடிப்பகுதியை வலது தொடையில் ஊன்றி, கழுத்தை இடது கையால் தாங்கிக்கொண்டு, கார்டு எதுவும் பிடிக்காமல் சில நிமிடங்கள் மீட்டிப் பாருங்கள். இறுக்கம் வராவிட்டால் உங்களுக்குத் தேவை தோள்வார். பொத்தான் பொருத்துவதற்கு மரத்தில் துளையிட மனம் வராவிட்டால், ஒலித்துளையின் விளிம்பில் கொக்கியாக மாட்டும் வாரும் கிடைக்கிறது. ஆனால் அதில் கையை முழுவதும் எடுத்தால் கருவி முன்னால் கவிழும் என்பதை நினைவில் வையுங்கள்.

கை விடுபட்ட பிறகு ஆள்காட்டி விரலையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். விரலை நீட்டாமல், உங்கள் நெஞ்சையே சுட்டுவதுபோல் தளர்வாக வளைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நுனி அதன் முதல் கணுவின் பக்கத்தில் லேசாகச் சாய்ந்திருந்தால் விரலுக்கு ஒரு முட்டுக் கிடைக்கும். கீழே போகும்போது நகமும், மேலே வரும்போது நுனியின் சதையும் தந்தியைத் தொட வேண்டும். அசைவு முழங்கையை மடக்கி நீட்டுவதால் வரக்கூடாது. கை கழுவியபின் விரல் நுனியிலுள்ள ஈரத்தை உதறும்போது முன்கை எப்படிப் புரள்கிறதோ அப்படிப் புரள வேண்டும்.

ஏ தந்தியில் விரல் சிக்குவதற்குக் காரணம், மேலே வரும்போது விரல் தந்திகளுக்குச் செங்குத்தாக, ஆழமாக நுழைவது. நகத்தின் நுனி தந்திகளுக்கு அடியில் மிகச் சிறிதளவே இறங்கினால் போதும். மணிக்கட்டைச் சற்றே உள்புறமாகத் திருப்பி, விரலின் சதை சாய்வாக வழுக்கிச் செல்லும்படி விட்டால் அந்தச் சுண்டல் ஓசை மறையும். சரியாகச் செய்கிறீர்களா என்பதை ஒலியிலேயே அறியலாம்: நான்கு தந்திகளும் ஒரே வீச்சில் சேர்ந்து கேட்டால் சரி, தனித்தனியாக எண்ண முடிந்தால் விரல் இன்னும் ஆழமாக இருக்கிறது.

மீட்டும் இடமும் முக்கியம். கிட்டார்போல் ஒலித்துளைக்கு மேலே மீட்டாமல், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மீட்டுங்கள். பழைய பாணிச் சொப்ரானோவில் அது 12-ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த 12-ஆம் கம்பி), அதாவது தந்தியின் சரிபாதி. அங்கே தந்தி விரலுக்கு இணங்கிக் கொடுக்கும். தந்திகள் உடலில் கட்டப்பட்டிருக்கும் பிரிட்ஜை நெருங்க நெருங்க விறைப்பாகும், ஒலியும் மெலியும்.

வலி, வாசிக்காத நேரத்திலும் இருந்தால் அதைப் பழக்கக் குறை என்று எண்ணித் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

செல்லூர் வீணை மாணவி:

மேலூர் ஐயா சொன்னவற்றோடு நகத்தைப் பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன். வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்திகளைக் கீழ்நோக்கியும், சுண்டுவிரல் தாளத் தந்திகளை மேல்நோக்கியும் மீட்டுகின்றன. யுகுலேலேயில் அந்த இரு திசை வேலையும் ஒரே விரலுக்கு வந்துவிடுவதால் நகம் நீளமாக இருந்தால் மேல்நோக்கிய அடி கெடும். விரல் சதையின் விளிம்பைத் தாண்டி இம்மியளவு தெரியும்படி நகத்தை வைத்து, ஓரத்தை அரத்தால் வட்டமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். நக விளிம்பில் வெண்மையாக ஒரு கோடு விழுந்து ஏடு ஏடாக உரியத் தொடங்கினால், அடி பலமாக விழுகிறது என்று பொருள். வீணைக்காரர்கள் சிலர் விரலில் மாட்டும் கம்பி மீட்டை யுகுலேலேயில் பயன்படுத்த வேண்டாம். நைலான் தந்தியை அது அராவிவிடும்.

தாளம் தெரிந்தவர்களுக்குப் பரவலாகச் சொல்லித்தரப்படும் 'கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்' என்ற அடிமுறை மிக எளிது. 'தகதிமி தகஜணு' என்ற எட்டுச் சொற்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே கையைக் கீழும் மேலுமாக நிற்காமல் ஆட்டுங்கள். இரண்டாம் சொல்லான 'க'விலும் ஐந்தாம் சொல்லான 'த'விலும் மட்டும் விரல் தந்தியைத் தொடாமல் காற்றில் செல்லட்டும். மற்ற ஆறிலும் தொடட்டும். கை ஓரிடத்திலும் நிற்காததால் இறுக்கமும் வராது, தாளத்தின் வேகமும் முந்தி ஓடாது.

திருநகர் ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி அமர்ந்து மீட்டிப் பார்த்தேன். முன்கை இறுகவே இல்லை. இப்போது தோள்வார் போட்டு நின்றுகொண்டே வாசிக்கிறேன். ஏ தந்தியின் சுண்டல் ஓசை பெருமளவு குறைந்துவிட்டது. 'தகதிமி தகஜணு'வும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கேட்கும் கும்மிப் பாட்டுக்கு இந்த அடி பொருந்தவில்லை. கையை நிற்காமல் கீழும் மேலும் ஆட்டினால் இரண்டாவது கைதட்டல் வரும் இடத்தில் என் கை மேல்நோக்கி வந்துகொண்டிருக்கிறது. இதற்கு வேறு விரல்முறை உண்டா? இன்னொரு கேள்வி: சொப்ரானோவை விட்டுவிட்டுப் பெரிய யுகுலேலேக்கு மாறினால் மீட்டுவது எளிதாகுமா?

மேலூர் யுகுலேலே பயிற்றுநர்:

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தந்தியின் அதிரும் நீளம் சொப்ரானோவில் சுமார் 33 முதல் 35 சென்டிமீட்டர், கான்செர்ட் என்ற அடுத்த அளவில் சுமார் 38, அதைவிடப் பெரிய டெனாரில் சுமார் 43. மூன்றுக்கும் வழக்கமான சுருதி ஒன்றே என்பதால், நீளம் கூடக் கூட அதே சுருதியைப் பிடிக்கத் தந்தியை மேலும் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. விரலுக்கு எதிர்ப்பும் கூடும். கான்செர்ட்டில் மீட்ட இடம் சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் உங்கள் கை தளர்ந்துவிட்ட நிலையில், மீட்டுவதற்காக மட்டும் கருவியை மாற்றத் தேவையில்லை.

செல்லூர் வீணை மாணவி:

கும்மி திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணும் நடை, அக்கா. 'தகிட தகிட' என்ற ஆறு சொற்களுக்குக் கையைக் கீழ், மேல் என்று மாற்றி மாற்றி ஆட்டினால், முதல் 'த' கீழடியாகவும் இரண்டாவது 'த' மேலடியாகவும் வருவது இயல்பே. ஆகவே இந்த நடைக்கு மட்டும் மாற்றி மாற்றி மீட்டும் முறையை விட்டுவிட வேண்டும். 'த'வுக்கு ஆள்காட்டி விரல் கீழே, 'கி'க்கு அதைத் தொடர்ந்து கட்டைவிரலின் சதை கீழே, 'ட'வுக்கு ஆள்காட்டி விரல் மேலே. ஆள்காட்டி விரல் இறங்கிய வீச்சிலேயே கட்டைவிரலும் பின்னால் இறங்குவதால் மணிக்கட்டு இருமுறை கீழே போக வேண்டியதில்லை. ஒரு 'தகிட'வுக்கு ஒரே ஒரு புரளல்தான். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு 'தகிட' வீதம் தொடங்குங்கள். கட்டைவிரல் அடி மற்ற இரண்டையும்விட மங்கலாகக் கேட்பது குறையில்லை. கைதட்டல் விழும் 'த' அதனால் தானாகவே எடுத்துக் கேட்கும்.

கே.புதூர் கிட்டார்:

அந்த மூன்று அடிகளைப் பழகும்வரை வகுப்பில் 'த'வை மட்டும் கட்டைவிரலால் மீட்டிக்கொண்டு வரலாம். இடைப்பட்ட இரண்டையும் பிள்ளைகளின் கால்தாளம் நிரப்பிவிடும், பாட்டு நிற்காது.