தலைகீழ் ஹெட்ஸ்டாக் உள்ள ஹென்ட்ரிக்ஸ் மாதிரி ஸ்ட்ராட்: ஆறாம் கம்பி மட்டும் சுருதிக்குத் திரும்பவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இடக்கையால் வாசித்த ராக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ஸ்ட்ராட்டோகாஸ்டரை (ஃபெண்டர் நிறுவனத்தின் மின் கிட்டார், சுருக்கமாக ஸ்ட்ராட்) மாதிரியாகக் கொண்டு, வலக்கையால் வாசிப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட கிட்டார் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன்பு ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். உடல் வழக்கமான வலக்கை உடல்தான். ஹெட்ஸ்டாக் (கம்பிகளை முறுக்கும் ஆணிகள் உள்ள தலைப்பகுதி) தலைகீழாகவும், பிரிட்ஜ் பிக்கப் (உடலில் கம்பிகள் தங்கும் பிரிட்ஜுக்கு அருகில், கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தக் கருவி) வழக்கத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்தும் இருக்கின்றன. அவரைப் போலவே எல்லாக் கம்பிகளையும் அரைச்சுரம் இறக்கி வாசிப்பதால் 10–46 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகளில்) தொய்வாகத் தெரிந்தது. 11–52 செட்டுக்கு மாறினேன். அன்றிலிருந்து ட்ரெமோலோ கையை (பிரிட்ஜைச் சாய்த்துச் சுருதியை இறக்கும் நெம்புகோல்) ஆழமாக அழுத்தி விட்டால், மிகத் தடித்த ஆறாம் கம்பி 15 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை ஏறி நின்றுவிடுகிறது. ஐந்தாம் கம்பியிலும் சிறிது தெரிகிறது. மற்ற நான்கும் ஒழுங்காகத் திரும்புகின்றன.

தலைகீழ் ஹெட்ஸ்டாக்கில் ஆறாம் கம்பி நீளமாகப் போவதால் அதன் இழுவிசையே மாறிவிடுகிறது, கழுத்தை மாற்றினாலன்றி இது தீராது என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னொரு சந்தேகமும் உண்டு: பிரிட்ஜ் பிக்கப்பில் தடித்த கம்பிகள் மெலிந்து ஒலிக்கின்றன. முன்பு வைத்திருந்தவர் பிக்கப்பைத் தவறாகப் பொருத்திவிட்டாரா?

மறுமொழி 1

வணக்கம். தயவுசெய்து கழுத்தை மாற்றிவிடாதீர்கள். ஒரு கம்பியின் இழுவிசையைத் தீர்மானிப்பவை நட்டுக்கும் (கழுத்தின் முனையில் கம்பிகள் தங்கும் பள்ளங்கள் உள்ள கட்டை) பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட நீளம், கம்பியின் எடை, சுருதி ஆகிய மூன்று மட்டுமே. ஸ்ட்ராட்டில் அந்த நீளம் 648 மில்லிமீட்டர். ஹெட்ஸ்டாக் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது மாறாது. நட்டுக்குப் பின்னால் உள்ள நீளம் விரலுக்குத் தெரியும் நெகிழ்வை மாற்றும் என்பது உண்மை. அதனால்தான் உங்கள் கிட்டாரில் மெல்லிய கம்பிகளைச் சற்றுக் குறைவாக வளைத்தாலே சுரம் ஏறிவிடும்.

ஆனால் அந்தப் பின்நீளம் இன்னொரு வகையில் உங்கள் சிக்கலோடு தொடர்புடையது. ட்ரெமோலோவை அழுத்தும்போது கம்பி நட்டின் பள்ளத்தில் ஹெட்ஸ்டாக் பக்கம் சிறிது நகர்கிறது. கையை விட்டதும் அதே அளவு திரும்பி வர வேண்டும். பின்நீளம் கூடக்கூட நகர வேண்டிய தூரமும் கூடும். வழக்கமான ஹெட்ஸ்டாக்கில் மிக நீண்ட பின்நீளம் வழவழப்பான முதல் கம்பிக்கு வாய்க்கிறது. உங்களுடையதிலோ அது சுற்றுக்கம்பியான ஆறாம் கம்பிக்கு வாய்த்திருக்கிறது. அதன் சுருள்கள் பள்ளத்தில் எளிதில் சிக்கும். ஸ்ட்ரிங் ட்ரீ (ஹெட்ஸ்டாக்கில் கம்பிகளைக் கீழே அழுத்தும் சிறு கொக்கி) ஐந்தாம், ஆறாம் கம்பிகளை அழுத்திப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு சோதனை செய்யுங்கள். ட்ரெமோலோவை அழுத்தி விட்ட பிறகு, ஏறி நிற்கும் கம்பியை 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) மேல் பிடித்து மெதுவாக ஒருமுறை இழுத்து விடுங்கள். சுருதி தன் இடத்துக்கு இறங்கினால், கம்பி நட்டிலோ ட்ரீயிலோ சிக்குகிறது என்று பொருள். அதே சிக்கல்தான் கம்பியை வளைத்து வாசித்த பிறகு சுருதியை இறக்கியும் விடும்.

மறுமொழி 2

பிக்கப் பற்றி நான் சொல்கிறேன். அதைத் திருப்பிவிட வேண்டாம். 1954இல் வந்த முதல் ஸ்ட்ராட்டிலேயே பிரிட்ஜ் பிக்கப் சாய்வாகத்தான் இருந்தது: மெல்லிய கம்பிகளின் பக்கம் பிரிட்ஜுக்கு அருகில், தடித்த கம்பிகளின் பக்கம் சற்றுத் தள்ளி. ஹென்ட்ரிக்ஸ் வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளையும் இடம் மாற்றிக் கட்டியதால், இந்தச் சாய்வும் அவருக்கு எதிர்மாறாக அமைந்தது. தடித்த கம்பிகள் இறுக்கமாகவும் மெல்லிய கம்பிகள் சற்றுக் கனிவாகவும் ஒலித்தன. உங்களுக்கு மெலிவாகத் தெரிவது அந்த இறுக்கமே.

1997இல் ஃபெண்டர் வெளியிட்ட ஹென்ட்ரிக்ஸ் ஸ்ட்ராட் முழுமையான இடக்கை உடலோடு, வலக்கை வரிசையில் கம்பி கட்டி, எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதி வந்தது. 2015 மாதிரியில் வலக்கை உடலை வைத்துக்கொண்டு ஹெட்ஸ்டாக்கையும் பிரிட்ஜ் பிக்கப்பின் சாய்வையும் மட்டும் திருப்பினார்கள். அவருடைய ஒலிக்குக் காரணமான அம்சங்களை விட்டுவிடாமல், கைக்கு வசதியான உடலையும் தந்த விதத்தில் இதுவே எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. மெலிவு உறுத்தினால் பிக்கப்பின் தடித்த கம்பிப் பக்கத் திருகை அரைச் சுற்று உயர்த்திக் கேட்டுப் பாருங்கள். காந்தம் கம்பியை இழுக்கும் அளவுக்கு உயர்த்த வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சோதனையில் ஆறாம் கம்பி ஒரே இழுப்பில் தன் சுருதிக்கு இறங்கியது. ஸ்ட்ரிங் ட்ரீயும் நீங்கள் சொன்னபடியே அந்த இரண்டு கம்பிகளின் மேல்தான் இருக்கிறது.

மறுமொழி 1

அப்படியானால் காரணம் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. 46க்கு வெட்டிய பள்ளத்தில் 52 கம்பி உட்கார்ந்திருக்கிறது. முதலில் கம்பியைத் தளர்த்தி, பள்ளத்திலும் ட்ரீயின் அடியிலும் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். குறைந்தாலும் முழுதாகத் தீராவிட்டால், பள்ளத்தை நட் அரத்தால் அகலப்படுத்த வேண்டும். அடியை ஆழமாக்கிவிடக் கூடாது, ஆழமானால் கம்பி முதல் ஃப்ரெட்டில் இரையும். அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. ட்ரீயின் அடியில் சிறிய உருளை ஒன்றை வைத்து உயர்த்தச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 விழுக்காடு குறையும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் தடித்த செட் அதைவிட அதிகமாக இழுவிசையைக் கூட்டிவிடுகிறது. பின்பக்க ஸ்பிரிங்குகளைப் புதிய செட்டுக்கு ஏற்ப இறுக்காவிட்டால் பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய்ந்து, கம்பிகளும் உயர்ந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்

பென்சில் கரியால் 15 சென்ட் 6 ஆகக் குறைந்தது. நேற்று ஒரு பழுதுபார்ப்பவர் இரண்டு பள்ளங்களையும் அகலப்படுத்தி, ட்ரீயை உயர்த்தி, ஸ்பிரிங்குகளையும் சரிசெய்து கொடுத்தார். இருபது முறை ஆழமாக அழுத்திப் பார்த்தேன்; ஆறாம் கம்பி 2 சென்டுக்கு மேல் விலகவில்லை. பிக்கப்பைத் திருப்பவில்லை. அரைச் சுற்று மட்டும் உயர்த்தியிருக்கிறேன். தடித்த கம்பிகளின் ஒலி இப்போது மெலிவாகத் தெரியவில்லை, தெளிவாகத் தெரிகிறது.