மதுரை வெயிலில் வாசனை லில்லி: மொட்டு விரியாமலே காயுது, என்ன செய்யலாம்?

திருநகர் மாடி
வணக்கம். மொட்டை மாடியில தோட்டம் வச்சிருக்கேன். மல்லி, செம்பருத்தி, கத்தரி எல்லாம் குறையில்லாம வருது. தை மாசக் கடைசியில ஓரியண்டல் லில்லி கிழங்கு ஆன்லைன்ல வாங்கி நட்டேன். ரோஸ் கலர், ஒரு பூ பூத்தாலே வீடு முழுக்க மணக்கும்னு போட்டிருந்தாங்க. 12 இஞ்ச் தொட்டி, செம்மண்ணும் மண்புழு உரமும் பாதிப்பாதி. முளை விறுவிறுன்னு வந்துச்சு, முழங்கால் உயரம் வளர்ந்துருச்சு. இப்ப பங்குனி. மொட்டு சுண்டுவிரல் அளவு கூட ஆகல, பழுப்பாகி உதிருது. மேல இருக்கிற இலையில நரம்பு மட்டும் பச்சை, இடையில மஞ்சள். தினம் காலையில போர் தண்ணி ஊத்துறேன். பூச்சி எதுவும் கண்ணுல படல. உரம் பத்தலையா? கிழங்கைத் தோண்டிப் பார்க்கணுமா? அடுத்த வருஷமாவது பூக்குமா?

அவனியாபுரம் ரோஜா
உரம்தான் பத்தல. முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போடுங்க சார். எங்க வீட்டு ரோஜாவுக்கு அதான், கொத்துக் கொத்தா பூக்குது.

அழகர்கோவில் ரோடு நர்சரி
முட்டை ஓடு வேணாம்ணே. அது சுண்ணாம்பு. நம்ம போர் தண்ணியிலயே சுண்ணாம்பும் உப்பும் கிடக்கு, பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுது பாருங்க. ரோஜா தாங்கிக்கும், லில்லி தாங்காது. ஓரியண்டல் லில்லிக்குக் கொஞ்சம் புளிப்பு மண் வேணும், பிஎச் 5.5-ல இருந்து 6.5-க்குள்ள. காரம் ஏறுனா மண்ணுல இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாது. நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள், அதுவும் புது இலையிலன்னா பெரும்பாலும் இரும்புக் குறைதான். மல்லிக்கும் இதே மஞ்சள் வரும், அதுக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளிப்பாங்க. லில்லி இலை மெல்லிசு, பாதி அளவு போதும், வெயில் தாழ்ந்த பிறகு அடிங்க. தண்ணியை மாத்தாம எதை அடிச்சாலும் மறுபடி மஞ்சள் வரும். மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதை ஊத்துங்க.

ஒரு கேள்வி. கிழங்குக்கு மேல எவ்வளவு மண் போட்டீங்க?

திருநகர் மாடி
நாலு விரக்கடை இருக்கும். (நான் சார் இல்லை, உங்க எல்லாருக்கும் அக்கா!)

அழகர்கோவில் ரோடு நர்சரி
சரிங்கக்கா. அது பத்தாது. லில்லிக்குக் கிழங்கு அடியில ஒரு வேர், கிழங்குக்கு மேல தண்டுல இன்னொரு வேர்க் கூட்டம். வளர்ந்த செடிக்குச் சாப்பாடு போடுறதுல பெரும் பங்கு அந்தத் தண்டு வேருக்குத்தான். மண் கம்மியா இருந்தா அது ஓடுறதுக்கு இடமில்லை, மேல் மண்ணும் சூட்டுல காயும். ஒரு சாண் இல்லாட்டியும் 15 சென்டிமீட்டராவது மேல மண் இருக்கணும். தொட்டியில இடம் இருந்தா இப்பவே தண்டைச் சுத்திக் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலந்த மண்ணை அணைச்சு விடுங்க. கோகோபீட்டை நல்லா அலசிட்டுப் போடுங்க, அதுலயும் உப்பு இருக்கும்.

கொடை மேட்டுக்காரன்
நர்சரிக்காரர் சொன்னது மஞ்சளுக்குச் சரி. மொட்டு காயுறது வேற கதை, அது சூடு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கு, இங்க கோடையிலயும் ராத்திரி போர்வை வேணும். மதுரையில பங்குனி, சித்திரையில ராத்திரி கூட தளம் சுடும். மொட்டை மாடியில தொட்டிக்குள்ள கிழங்கு வெந்துதான் போகும். இந்த லில்லிக்கு நட்டதுல இருந்து பூக்க மூணு, நாலு மாசம் ஆகும். நீங்க தையில நட்டதால மொட்டு வைக்கிற நேரமும் அக்னி வெயில் நெருங்குற நேரமும் ஒண்ணா வந்துருச்சு.

உங்க ஊருக்கு ஐப்பசிக் கடைசி, கார்த்திகையில நடணும். அப்பதான் மாசிக்குள்ள பூவைப் பார்க்கலாம். அடைமழை நேரம்கிறதால தொட்டியைக் கூரைக்குக் கீழ வைங்க, ஈரம் தேங்குனா கிழங்கு அழுகும்.

அடுத்த வருஷம் பூக்குமான்னு கேட்டீங்க. இலையை வெட்டாதீங்க, தானா காயட்டும், அதுவரைக்கும்தான் கிழங்கு தேறும். அப்புறம் எடுத்துப் பாருங்க. கெட்டியா, வெள்ளையா இருந்தா உயிர் இருக்கு. பிசுபிசுன்னு நாத்தம் வந்தா தூக்கிப் போட்டுருங்க. நல்ல கிழங்கை ஈரம் லேசா இருக்கிற கோகோபீட்டுல புதைச்சு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில கட்டி, ஃபிரிட்ஜ்ல காய்கறி வைக்கிற தட்டுல வைங்க. ஃபிரீசர்ல வேண்டாம். குறைஞ்சது ரெண்டு மாசக் குளிர் வேணும், அது இல்லாம முளைச்சாலும் பூ வராது. பக்கத்துல ஆப்பிள், வாழைப்பழம் வைக்காதீங்க, பழுக்கிற பழத்துல இருந்து வர்ற எத்திலீன் உள்ள இருக்கிற மொட்டைக் கருக்கிடும். இவ்வளவும் செஞ்சாலும் கிழங்கு இளைச்சிருக்கும், ஒரு பூ வந்தா லாபம். நீங்க வாங்குனது மாதிரி பூக்கணும்னா வருஷா வருஷம் புதுக்கிழங்குதான்.

திருநகர் மாடி
தொட்டியை மாடிப்படிக்குக் கீழ இறக்கிட்டேன். கிழக்கு வெயில் மட்டும் ஒன்பது மணி வரைக்கும் படும். மீதி ஒரு மொட்டு இன்னும் பச்சையாத்தான் இருக்கு. வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்க எனக்கு ஆகாது. நம்ம ஊருக்கு ஒத்துவர்ற வாசனை லில்லி வேற ஏதாவது இருக்கா?

அவனியாபுரம் ரோஜா
செங்காந்தள் வைங்கக்கா, நம்ம மாநிலப் பூ, அதுவும் லில்லிதான்னு சொல்றாங்க.

சோழவந்தான் கொடிக்கால்
பார்க்க அழகுதான் தம்பி, மணம் கிடையாது. கிழங்கு கடும் விஷம், சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல எனக்கு மனசு ஒப்பாது.

அக்கா, வாசனைதான் வேணும்னா ஸ்பைடர் லில்லி வைங்க. ரோட்டோரம், பார்க்குல வெள்ளையா சிலந்திக்கால் மாதிரி நிக்குமே, அதுதான். சாயங்காலம் விரியும், ராத்திரி மணக்கும், எந்த மண்ணுலயும் வரும். விஷமூங்கிலும் (மூங்கில் இல்லை, கிரைனம் லில்லி) அப்படித்தான், ஆனா தொட்டி பெருசா வேணும். ரெண்டோட கிழங்கையும் வாயில வைக்கக் கூடாது.

என்னைக் கேட்டா நிலச்சம்பங்கி. அது லில்லி இல்லைன்னு சண்டைக்கு வருவாங்க, வரட்டும். மெக்சிகோவுல இருந்து வந்தது, இங்க வெயில்லயே பிறந்த மாதிரி நிக்குது. ஒத்தை அடுக்கு வாங்குங்க, அதுதான் மாலைக்குப் போறது, வாசனையும் அதுலதான் தூக்கல். பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்துல வந்த பிரஜ்வல் ரகமும் ஒத்தை அடுக்குதான். நாள் முழுக்க வெயில் படுற இடத்துல வைங்க. வேர்ல நூற்புழு முடிச்சு போடும், பக்கத்துல செண்டுமல்லி வச்சா குறையும்.

கொடை மேட்டுக்காரன்
இன்னொண்ணு, வீட்டுல பூனை இருக்கா? அந்த ஓரியண்டல் லில்லி பூனைக்கு எமன். இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணி எது உள்ள போனாலும் சிறுநீரகம் போயிரும். நக்குனது தெரிஞ்சா காத்திருக்காம உடனே கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டு ஓடணும்.

திருநகர் மாடி
எங்க வீட்டுல இல்லை, பக்கத்து வீட்டுப் பூனை மாடிக்குத்தான் வெயில் காய வரும்! நல்லவேளை சொன்னீங்க. தொட்டியைச் சுத்திக் கம்பி வலை கட்டுறேன். சம்பங்கிக் கிழங்கு எங்க கிடைக்கும்?

சோழவந்தான் கொடிக்கால்
நிலக்கோட்டைப் பக்கம் சம்பங்கிக் காட்டை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா கலைப்பாங்க. அப்ப கேட்டா கிழங்கு மலிவாத் தருவாங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல சம்பங்கி கொண்டு வர்றவங்ககிட்ட விசாரிங்க, எந்தத் தோட்டம்னு வழி சொல்லுவாங்க. எலுமிச்சம்பழத்துல பாதி அளவுக்குக் குறையாத கிழங்கா பொறுக்குங்க. தோண்டுன உடனே நடாம ஒரு மாசம் நிழல்ல ஆறப் போட்டு, ஆனி, ஆடியில நடுங்க.