துணி அறைக்குள்ளேயே காய்கிறது, வாடை போகவில்லை, சுவரில் கருப்புப் புள்ளி. உதவி தேவை

குளிர்வாசி:
வெளிநாடு வந்து முதல் குளிர்காலம். ஒரே அறை வீடு, பால்கனி கிடையாது, ட்ரையர் வைக்க இடமும் இல்லை. மடக்கு ஸ்டாண்டில் காயப்போட்டால் மறுநாளும் ஜீன்ஸ் இடுப்புப் பக்கம் ஈரமாகவே இருக்கிறது, காய்ந்த துணியிலும் ஒரு மக்கல் வாடை, அதிலும் துண்டுதான் ரொம்ப மோசம். இப்போது கட்டிலை ஒட்டிய சுவர் மூலையில் கருப்பாகப் புள்ளி புள்ளியாக வருகிறது, காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. பவுடரைக் கூட்டினேன், துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. வேலை முடிந்து வந்து சமைத்து, பாத்திரம் கழுவி, அதற்கப்புறம் இந்தத் துணியோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. வழி சொல்லுங்களேன்.

பழைய குடித்தனக்காரி:
முதலில் அந்த வாசனைத் திரவத்தை நிறுத்துங்க. அது துண்டின் நூலில் படலமாகப் படிந்து தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைக்கும். பவுடர் அதிகமானாலும் முழுசாக அலசப்படாமல் துணியிலேயே தங்கும். வாடைக்குக் காரணம் பாக்டீரியா. மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற ஒன்றை 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மக்கல் வாடையோடு தொடர்புபடுத்தினார்கள். துணி மெதுவாகக் காயக் காய அதற்குக் கொண்டாட்டம். துண்டு, உள்ளாடையை மட்டும் தனியாக 60 டிகிரியில் போடுங்க, லேபிளைப் பார்த்துவிட்டு. மெஷின் கதவு ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்க, பாதி வாடை அங்கேதான் இருக்கும். துடைத்துவிட்டு, காலி மெஷினை உச்சச் சூட்டில் ஒருமுறை ஓட்டுங்க. துவைத்து முடிந்ததும் துணியை உள்ளேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீங்க.

ஈரமானி:
அவங்க சொன்னது துணிக்கு. சுவருக்கு வேறு கதை. ஒரு மெஷின் துணி காயும்போது ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கிறது, அதுதான் குளிர்ந்த கண்ணாடியிலும் சுவர் மூலையிலும் போய் ஒட்டுகிறது. அந்தத் தண்ணீரை மெஷினிலேயே பிழிந்துவிடுவது லாபம். துணி தாங்குமானால் ஸ்பின்னை (பிழியும் வேகம்) நிமிடத்துக்கு 1200 அல்லது 1400 சுற்றுக்கு ஏற்றுங்கள். அப்புறம் துணி காயும் நேரத்தில் சில மணிக்கு ஒருமுறை ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு மூடுங்கள். நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் சுவர்தான் குளிரும்.

குளிர்வாசி:
வெளியே எப்போதும் மழை. திறந்தால் ஈரம் உள்ளே வராதா?

ஈரமானி:
எல்லாரும் கேட்பதுதான், ஆனால் குளிர்காலத்தில் நடப்பது நேர் எதிர். குளிர்ந்த காற்றால் அதிக ஈரம் தாங்க முடியாது. 5 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சம் 7 கிராம் நீராவிதான் நிற்கும், 20 டிகிரியில் 17 கிராம் வரை நிற்கும். ஆக, மழையில் நனைந்த அந்த 5 டிகிரிக் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 40 சதவீதம்தான். கொஞ்ச நேரத்தில் அறை மறுபடி சூடாகிவிடும், ஏனென்றால் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சுவரும் சாமானும். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், 60 சதவீதத்துக்கு மேல் நெடுநேரம் நின்றால் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

மேல்மாடி:
கருப்புப் புள்ளி பூஞ்சை, தம்பி. காய்ந்த பிரஷால் தேய்த்துப் பறக்கவிடாதே. கையுறை, மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போடு. பிளீச் போடுவதானால் வினிகரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும், அந்தச் சின்ன அறைக்கு அது ஆபத்து. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளு. போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்திலேயே தெரிவி. கசிவு ஏதாவது இருந்தால் நீ எத்தனை துடைத்தாலும் திரும்ப வரும்.

குளிர்வாசி:
நன்றி அண்ணா, மூணு பேருக்கும் சேர்த்துத்தான். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாமா, ஹீட்டர் மேலேயே துணி போடலாமா?

ஈரமானி:
ஹீட்டர் மேல் வேண்டாம், மின்சார ஹீட்டரானால் தீப்பிடிக்கலாம். மெஷின் வாங்கலாம். அறை சூடாக இருந்தால் காற்றைக் குளிரவைத்து ஈரத்தைத் தண்ணீராக்கும் கம்ப்ரசர் வகை போதும், சூடேற்றாத அறையானால் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகை பாருங்கள், கம்ப்ரசர் குளிரில் தடுமாறும். கதவு ஜன்னலை மூடிவிட்டுத் துணிக்குப் பக்கத்தில் ஓடவிடுங்கள்.