கேம் பாதியில் மூடிக்கொள்கிறது: புதிதாக வாங்கிய ராம்தான் காரணமா?

வைகைக்கரை:
மூன்று வாரமாக இந்தத் தொல்லை. கார் பந்தய கேம் ஒன்றைத் தொடங்கினால் சில நாள் பத்து நிமிடத்தில், சில நாள் ஒரு மணி நேரத்தில், ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. இரண்டு முறை நீலத்திரை (விண்டோஸ் முடங்கும்போது வரும் பிழைத்திரை) வந்தது. ஒன்றில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றிருந்தது. மற்றதைப் படிப்பதற்குள் கணினி மறுபடி தொடங்கிவிட்டது. கிராபிக்ஸ் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கேமையே இரண்டு முறை இறக்கினேன் (டேட்டா தீர்ந்ததற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கணக்கு). விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையோ பிழை இல்லை என்கிறது.

ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4 வகை, வேகம் 3200. ஒன்று நான்கு ஆண்டு பழையது. மற்றொன்று இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு கம்பெனியில் மலிவாக வாங்கியது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

இரவு ஆட்டம்:
முதலில் சூட்டைப் பாருங்கள் நண்பரே. எனக்கு இப்படித்தான் இருந்தது. மின்விசிறியில் அடைந்திருந்த தூசியைத் துடைத்ததும் சரியானது.

வைகைக்கரை:
பார்த்துவிட்டேன். கிராபிக்ஸ் கார்டு 71 டிகிரியைத் தாண்டவில்லை. இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை: நேற்று ஒரு ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது ‘சி.ஆர்.சி பிழை’ என்றது. மறுபடி பிரித்தேன், ஒழுங்காக வந்துவிட்டது.

பழுதுக்கடை:
தம்பி, இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். சி.ஆர்.சி பிழை என்றால், பிரித்த தரவு கோப்பில் குறித்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். கோப்பு கெட்டிருந்தால் இரண்டாம் முறையும் கெட்டதாகத்தானே வரும்? பெரும்பாலும் ராம்தான். விண்டோஸின் சோதனையை நம்பி உட்காராதீர்கள், அதற்குத் தப்பும் கோளாறுகள் பல. மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். நான்கு சுற்றும் முடியட்டும். பல மணி நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான்.

அதற்கு முன் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்.எம்.பியை (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிடுங்கள். 3200 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் அதை இயக்கினால் கிடைக்கும் வேகம். ஜோடி சேராத இரண்டு ராம்கள் அந்த வேகத்தில் தகராறு செய்யும், தனித்தனியே இரண்டும் நன்றாக இருந்தாலும். அணைத்த பிறகும் பிழை வந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் (ராமைச் செருகும் இடம்) போட்டுச் சோதியுங்கள். ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் போட்டால் குற்றவாளி ராமா ஸ்லாட்டா என்று கடைசிவரை தெரியாது.

வைகைக்கரை:
எக்ஸ்.எம்.பி அணைத்து, இரண்டும் சேர்த்து: முதல் சுற்றிலேயே 38 பிழைகள். புதியது மட்டும்: நான்கு சுற்றும் சுத்தம். பழையது மட்டும், அதே ஸ்லாட்டில்: 41 பிழைகள். நான்கு ஆண்டு ஒழுங்காக உழைத்ததைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. பொன்முலாம் பூசிய விளிம்பை ரப்பரால் தேய்த்து மறுபடி போட்டேன், அப்போதும் 41.

பழுதுக்கடை:
விளிம்பில் அழுக்கு என்றால் எண்ணிக்கை முன்பின் ஆகியிருக்கும். உள்ளே சில்லு போய்விட்டது, கழற்றி வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீர்கள், உத்தரவாதம் கேட்க அது வேண்டும். ராமுக்குப் பல கம்பெனிகள் நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன, பில்லைத் தேடுங்கள்.

வைகைக்கரை:
அண்ணா, ஐந்து நாளாகப் புதிய 8 ஜிபியோடு மட்டும் ஆடுகிறேன். ஒருமுறைகூட மூடவில்லை, படம் கொஞ்சம் திணறுகிறது, அவ்வளவுதான். பில் பீரோவில் அம்மாவின் கேஸ் ரசீதுகளுக்கு நடுவே கிடைத்தது. ஆனால் கேமில் முன்பு சேமித்த ஆட்டம் ஒன்று மட்டும் திறக்க மறுக்கிறது.

பழுதுக்கடை:
கெட்ட ராம் வழியாகப் போய் வட்டில் எழுதப்பட்டது, அது திரும்பாது. விண்டோஸ் கோப்புகளிலும் இப்படிச் சில கெட்டிருக்கலாம். கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து ‘எஸ்.எப்.சி ஸ்கேன்நவ்’ கட்டளையை (விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்துவது) ஒருமுறை ஓட்டிவிடுங்கள். முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் திறந்து பாருங்கள், இந்த மூன்று வாரத்தில் நகலெடுத்தவற்றை முதலில்.