லிபாட்டி வாசிக்காமல் போன 14ஆவது வால்ட்ஸ்: உங்கள் அனுபவம்

சாந்தோம் ஜெயா:
ருமேனிய பியானோ கலைஞர் டினு லிபாட்டி பிரான்சின் பெசான்சோன் ஊரில் கொடுத்த கடைசிக் கச்சேரி இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1950 செப்டம்பர் 16. ஷோப்பான் எழுதிய வால்ட்ஸ் என்ற 14 நடன இசைத் துண்டுகளில் 13 ஆனதும் கை ஓய்ந்துவிட்டது. எங்கள் பியானோ டீச்சர் அந்த ரெக்கார்டைப் போட்டு, 13 முடிந்ததும் ஊசியைத் தூக்கினார். "இதுக்கப்புறம் பாஹ் வாசிச்சாரும்மா, இந்த ரெக்கார்டுல இல்ல" என்று சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து பாஹ் எழுதிய அந்தத் துண்டை வாசிக்க ஆரம்பித்தார். விரல் மூட்டெல்லாம் வீக்கம். மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றுவார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பாதியில் எழுந்து படியிறங்கினேன். அவர் நிறுத்தவில்லை, தெருமுனை வரை கேட்டது. அடுத்த மாதம் போய்விட்டார். அந்தப் பியானோ இப்போது என் வீட்டில் மூடியே கிடக்கிறது.

அண்ணாநகர் சேகர்:
ஜெயா மேடம், "கை ஓய்ந்துவிட்டது" என்று ஒரே வரியில் தாண்டக் கூடாது. அவருக்கு ஹாட்ஜ்கின் நோய், நிணநீர்ப் புற்றுநோய். டாக்டர் தடுத்தும் வந்து வாசித்தார். டிசம்பர் 2ஆம் தேதி ஜெனீவாவில் இறந்தபோது வயது 33. என் அப்பாவுக்கும் அதே நோய்தான் வந்தது. கீமோவுக்குக் காத்திருக்கும்போது இயர்போனில் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தேன். கச்சேரித் தொடக்கத்தில், பாஹின் பார்ட்டிட்டா என்ற இசைத் தொகுப்புக்கு முன்னால் லிபாட்டி கட்டைகளின் மேல் சும்மா ஓர் ஓட்டம் ஓடுவார் இல்லையா, அதைக் கேட்டுவிட்டு அப்பா, "சுருதி பாக்குறாராடா?" என்றார். அப்பா பிழைத்துவிட்டார். அந்த இடம் வரும்போதெல்லாம் இன்னும் தொண்டை அடைக்கிறது.

பெரம்பூர் டேவிட்:
சேகர் சார், நோயையே பேசினால் கலைஞன் மறைந்துபோவார். 1933இல் வியன்னா போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள். அது அநியாயம் என்று பிரெஞ்சு பியானோ மேதை கோர்த்தோ நடுவர் குழுவிலிருந்தே விலகினார். பியானோ கிரேடு பரீட்சையில் தோற்று அழுத என் மகளுக்கு இதைத்தான் சொன்னேன்.

அப்புறம் ஜெயா மேடம், சாந்தோமில் பியானோவை மூடியே வைக்காதீர்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், ஈரத்தில் உள்ளே இருக்கும் ஃபெல்ட் துணி ஊறிக் கட்டை ஒட்டிக்கொள்ளும். கடலைப் பார்த்த சுவரை விட்டு நகர்த்துங்கள். ஈரம் காய, கீழ்ப்பலகையைக் கழற்றி, மரத்திலோ துணியிலோ படாமல் ஒரு சின்ன குண்டு பல்பு தொங்கவிடுவது இங்கே பழைய வழக்கம். எலி போகாமல் பெடல் ஓட்டையைப் பாருங்கள். தினமும் பத்து நிமிஷமாவது யாராவது வாசிக்க வேண்டும். டியூனரை மட்டும் ஐப்பசி மழையில் கூப்பிடாதீர்கள், சுருதி நிற்காது. தை பிறந்ததும் கூப்பிடுங்கள்.