அமெரிக்கன் ஃபுட்பால்: ஒவ்வோர் இடத்துக்கும் எக்காலத்துக்கும் சிறந்தவர் யார்? ஒரு கிலோ வர்க்கி பந்தயம்

குன்னூரான்:

எல்லாருக்கும் வணக்கம். இது காலால் உதைக்கும் நம்ம ஊர் கால்பந்து இல்லை, இரண்டு முனையும் கூராக இருக்கும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம், அதனால் மெஸ்ஸி ரொனால்டோ சண்டைக்கு வந்தவர்கள் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். வீட்டிலிருந்தே ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். திங்கள் சாயங்கால மீட்டிங்கில் முதல் பத்து நிமிடம் அவர்கள் இதைத்தான் பேசுவார்கள். புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தவன் ஆறு சீசனில் முழுப் பைத்தியமாகிவிட்டேன். சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் நமக்குத் திங்கள் விடிகாலை 5 மணிக்குத் தொடங்கும், பிப்ரவரிக் குளிரில் கம்பளிக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து அம்மா தினமும் தலையில் அடித்துக்கொள்வதில்லை, அந்த ஒரு நாள் மட்டும்தான்.

விஷயம் இதுதான். கொடைக்கானலில் இருக்கும் என் மாமா மகனுக்கும் எனக்கும் பொங்கலுக்குத் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஆள், எல்லாக் காலத்தையும் சேர்த்து. தோற்றால் நான் ஒரு கிலோ வர்க்கி அனுப்ப வேண்டும், அவன் தோற்றால் ஒரு கிலோ மலைப்பூண்டு.

என் ஆட்கள்: குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டாம் பிரேடி, ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பாரி சாண்டர்ஸ், வைடு ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) ஜெர்ரி ரைஸ், லைன்பேக்கர் (தடுப்பில் பாய்ந்து விழத்தட்டுபவர்) லாரன்ஸ் டெய்லர், கார்னர்பேக் (ரிசீவரை ஒட்டி நின்று தடுப்பவர்) டியான் சாண்டர்ஸ், கிக்கர் (பந்தை உதைப்பவர்) ஆடம் வினாட்டியேரி. அவனுக்கு இதில் பாதி பிடிக்கவில்லை. பிரேடிக்குப் பதில் ஜோ மொன்டானா என்கிறான், பாரிக்குப் பதில் ஜிம் பிரவுன் என்கிறான். பிரேடி 2000ஆம் வருடம் அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், அப்புறம் ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தவர், ஒரு சூப்பர் பௌலில் ஃபால்கன்ஸ் அணியோடு 28க்கு 3 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 34க்கு 28 என்று முடித்தவர். இதற்கு மேல் என்ன வேண்டும்? பாரியின் ஓட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரே விளக்கம்தான்: கல்லட்டி ரோட்டின் 36 கொண்டை ஊசி வளைவையும் பிரேக் போடாமல் இறங்குகிற மாதிரி இருக்கும். தீர்த்து வையுங்கள்.


கோத்தகிரி தாத்தா:

தம்பி, பாரியை நானும் ரசித்தவன்தான். ஆனால் என் மகன் கிளீவ்லாந்தில் இருக்கிறான், அங்கே போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த பிறகு அந்த ஊர் அணிக்கு ஆடிய ஜிம் பிரவுனுக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னால் மருமகள் சோறு போடுவாளா என்பது சந்தேகம். அதை விடுங்கள், கணக்குக்கு வருகிறேன். ஒன்பது சீசன், 1957 முதல் 1965 வரை. அதில் எட்டு சீசன் லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். மொத்தம் 118 ஆட்டம், காயம் என்று சொல்லி ஒன்றைக்கூட விட்டதில்லை. அவர் வந்தபோது சீசனுக்கு 12 ஆட்டம், 1961 முதல் 14, இப்போது 17. அதனால் மொத்த யார்டை வைத்து மொத்தத்தில் முதலிடத்தில் இருக்கும் எம்மிட் ஸ்மித்தின் 18,355ஐ எடுத்து அவர் தலையில் போடாதீர்கள், ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்: 104.3. இத்தனை வருடமாகியும் அந்தச் சராசரியை யாரும் தாண்டவில்லை.

முப்பது வயதில், லண்டனில் சினிமா ஷூட்டிங்கில் இருந்தபோது, அணி முதலாளி சீக்கிரம் பயிற்சிக்கு வா என்று மிரட்டினார், இவர் ஆட்டமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உச்சியில் இருக்கும்போதே இறங்கியவர். பாரியும் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன், 1999இல் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் போனார், வால்டர் பேட்டனின் அப்போதைய மொத்த யார்டு சாதனைக்கு 1,457 யார்டுதான் பாக்கி, ஒரே சீசனில் முடித்திருப்பார். ஆனால் பாரி சில சமயம் முன்னால் போக வேண்டிய இடத்தில் பின்னால் ஓடி நஷ்டத்தையும் கொண்டுவருவார். பிரவுன் மேல் விழுந்தவன்தான் அடிபட்டு எழுந்திருப்பான்.

பூண்டை மறந்துவிட்டு வர்க்கியைக் கட்டி வையுங்கள்.


விசில் வாத்தியார், ஊட்டி:

நான் பள்ளியில் பி.டி. வாத்தியார், கபடி கோச். இந்த ஆட்டத்தை யூடியூபில்தான் கற்றுக்கொண்டேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

ரைஸ் பெயரை எல்லாரும் போட்டுவிட்டு ஒரு வரிகூடச் சொல்லாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. பந்தைப் பிடித்து முன்னேறியது மொத்தம் 22,895 யார்டு. இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492. இடைவெளியே ஐயாயிரத்துக்கு மேல், அதாவது ஃபிட்ஸ்ஜெரால்டு பதினேழு சீசன் ஆடிய பிறகு இன்னும் நாலு நல்ல சீசன் ஆடியிருக்க வேண்டும். நாற்பது வயதைத் தொட்ட 2002 சீசனில்கூட 1,211 யார்டு பிடித்தார், அந்த வயதில் எனக்கு ஸ்டாஃப் ரூம் படி ஏறவே மூச்சு வாங்கியது. எங்கிருந்து வந்தது இந்த உடம்பு? கலிஃபோர்னியாவில் சான் கார்லோஸ் பக்கம் ஒரு மலைப்பாதை, சுமார் நாலு கிலோமீட்டர் ஏற்றம். சீசன் இல்லாத மாதங்களில் அதில்தான் ஓட்டம். கூட ஓட வந்த சக ஆட்டக்காரர்கள் பாதியில் வாந்தி எடுத்ததாகக் கதை உண்டு. இதை என் பையன்களிடம் சொல்லி தொட்டபெட்டா ரோட்டில் ஓட விட்டேன், ஒருத்தன் மேலே போய் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

அப்பா கொத்தனார். சின்ன வயதில் ரைஸ் சித்தாள் வேலை பார்த்தவர், கீழேயிருந்து அண்ணன் தம்பி எறியும் செங்கலைச் சாரத்தின் மேல் நின்று பிடிப்பார். செங்கலைப் பிடித்த கைக்குப் பந்து எம்மாத்திரம்.

ஆனால் ஒன்று. 1978இல் விதி மாறியது, ஐந்து யார்டு தாண்டிய ரிசீவரை இடித்துத் தடுக்கக் கூடாது என்று. அதற்கு முன் ஆடியவர்களை இதே தராசில் நிறுத்தினால் அநியாயம். டான் ஹட்சன் என்று ஒருத்தர், 1935 முதல் 1945 வரை கிரீன் பே அணியில் ஆடினார், 99 டச்டவுன் (எல்லைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பிடித்தார். பந்தை வீசுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அந்த எண்ணிக்கையை முறியடிக்க 1989 வரை ஆனது. என் ஓட்டு ரைஸுக்குத்தான், ஆனால் ஹட்சனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு.


நீலா, கூடலூர்:

நல்ல விவாதம், ஆனால் எல்லாரும் பந்தைத் தொட்டவர்களையும் தொட்டவனை விழத்தட்டியவர்களையும் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். குன்னூரான் பட்டியலில் ஆஃபென்சிவ் லைன், அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் போல நிற்பவர்கள் எங்கே? ஐந்து பேர் அய்யா, ஒவ்வொரு ஆட்டத்திலும். வாத்தியாருக்குப் புரியும்படி சொல்கிறேன், கபடியில் செயின் போட்டு நிற்கும் இருவரில் பிடித்தவனுக்குப் பாயின்ட் எழுதுவார்கள், கூட நின்று தாங்கியவனுக்கு என்ன எழுதுகிறார்கள்? இவர்கள் ஐந்து பேரும் அப்படி நின்றவர்கள்.

நான் சின்சினாட்டியில் படித்தேன், அதனால் என் கட்சி அந்த ஊர் அணியான பெங்கால்ஸ் (கோத்தகிரி தாத்தா மன்னிக்க, உங்கள் கிளீவ்லாந்துக்கும் எங்களுக்கும் ஆகாது). அந்த ஐந்தில் இடது ஓரம் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் ஆன்டனி முன்யோஸ். 1981 முதல் தொடர்ந்து 11 முறை ப்ரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. இரண்டு முறை சூப்பர் பௌல் வரை போனார், இரண்டிலும் தோற்கடித்தது மொன்டானாவின் சான் ஃபிரான்சிஸ்கோ. 1989இல் எங்களை 20க்கு 16 என்று முடித்த அந்த ஆட்டத்தில் ரைஸ் தனியாக 215 யார்டு பிடித்தார், கடைசி நிமிடங்களில் மொன்டானா தன் பக்கத்திலிருந்து 92 யார்டு நடத்திக்கொண்டு போய் 34 விநாடி மீதம் இருக்கும்போது டச்டவுன் போட்டார். அந்த ஊரில் இன்றும் இதைச் சொன்னால் டீ ஆறிப்போகும் வரை யாரும் பேச மாட்டார்கள். முன்யோஸ் தன் வேலையைச் செய்தார், ஆனால் அந்த ராத்திரியில் யார் அதைப் பார்த்தார்கள்?

தாத்தாவுக்காக ஒன்று: கிளீவ்லாந்தின் லெஃப்ட் டேக்கிள் ஜோ தாமஸ். 2007இல் வந்த முதல் நாளிலிருந்து 2017இல் கை தசை கிழியும் வரை 10,363 ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று), ஒன்றுகூட விடாமல் களத்தில் நின்றார். சீசன் முடிவில் வரும் ப்ளேஆஃப் நாக்அவுட் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. தோற்கும் அணிக்காகப் பத்து வருடம் ஒரு விநாடியும் வெளியே உட்காராதவர் இருக்கும்போது கிக்கரைப் பட்டியலில் போடுகிறீர்கள்.

டெய்லர் பற்றிச் சரியாகச் சொன்னீர்கள், ஆனால் அவர் ஏன் பெரியவர் தெரியுமா? 1985 நவம்பரில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் அவர் பிடியில் முறிந்தது, அந்த ஆட்டத்தோடு தைஸ்மன் முடிந்தார். குவார்ட்டர்பேக் பார்க்க முடியாத இடது பக்கத்தைக் காக்க ஒரு மலை வேண்டும் என்று எல்லா அணிக்கும் உறைத்தது டெய்லரால்தான். டெய்லரை எழுதினால் பக்கத்தில் லெஃப்ட் டேக்கிளையும் எழுதுங்கள். அடுத்த வருடம் டெய்லர் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கினார், தடுப்பாட்டக்காரர்களில் அதை வாங்கியவர்கள் இரண்டே பேர், இன்னொருவர் 1971இல் ஆலன் பேஜ், அவர் பின்னால் மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார்.


விசில் வாத்தியார், ஊட்டி:

அக்கா, செயின் உதாரணம் நெஞ்சில் குத்திவிட்டது. நாளைக்கே ஸ்கோர் ஷீட்டில் ஒரு கட்டம் சேர்க்கிறேன்.

எண்ணாமல் விட்ட கதை இன்னொன்று. குவார்ட்டர்பேக்கை விழத்தட்டுவதை ‘சாக்’ என்கிறார்கள், அந்தச் சொல்லைப் பரப்பியவர் டீக்கன் ஜோன்ஸ் என்ற தடுப்பாட்டக்காரர். ஆனால் லீக் அதைக் கணக்கு வைக்கத் தொடங்கியது 1982இல். ஜோன்ஸ் ஆட்டத்தை விட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. அதிகாரபூர்வ ஏட்டில் அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. நம்ம ஊரில் தேயிலை எடை போடும் இடத்தில் இப்படி நடந்தால் சாக்கையே தூக்கி எறிந்திருப்பார்கள். தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டுக்கு என் ஆள் ரெஜி வைட், ஃபிலடெல்ஃபியாவுக்காக 121 ஆட்டத்தில் 124 சாக், ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல்.


கோடை மச்சான்:

குன்னூரான் சொன்ன அந்த மாமா மகன் நான்தான். மச்சான், பொதுவில் இழுத்துவிட்டாய், சரி, பதிலையும் வாங்கிக்கொள்.

பிரேடி சின்னவர் என்று நான் எப்போது சொன்னேன்? இருபது வருடத்துக்கு ஒருவர் வேண்டுமென்றால் பிரேடி. நாளைக் காலை ஒரே ஒரு ஆட்டம், உயிர்ப் பிரச்சினை என்றால் மொன்டானா. நாலு சூப்பர் பௌல், நாலும் வெற்றி, 11 டச்டவுன், இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துவிடுவது) பூஜ்யம். பிரேடி பத்துக்குப் போய் மூன்றில் தோற்றார். பிரேடி 2008இல் முழங்கால் உடைந்ததற்குப் பிறகு தரையில் கிடப்பவன் குவார்ட்டர்பேக்கின் காலில் பாயக் கூடாது என்று விதியே தீட்டினார்கள். மொன்டானாவுக்கு யார் தீட்டினார்கள்?

கார்னர்பேக்கில் டியான் சாண்டர்ஸுக்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை, சூப்பர் பௌலும் பேஸ்பால் வேர்ல்டு சீரீஸும் ஆடிய ஒரே ஆள். ஆனால் டிக் லேன் என்பவர் 1952இல் புதுமுகமாக வந்து 12 ஆட்டத்தில் 14 இன்டர்செப்ஷன் எடுத்தார். 17 ஆட்டம் வந்த பிறகும் அது இன்னும் சாதனை.

கிக்கர் விஷயத்தில் நீலா அக்கா சொன்னது எனக்கு உடன்பாடில்லை. வினாட்டியேரி 2002 ஜனவரியில் கொட்டும் பனியில் 45 யார்டிலிருந்து உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அவரில்லாமல் உன் பிரேடிக்கு முதல் சூப்பர் பௌலே இல்லை மச்சான், இதை யோசித்தாயா? இருந்தாலும் என் மனசுக்கு டாம் டெம்ப்ஸி. வலது காலில் விரல்களே இல்லாமல் பிறந்தவர், அதே காலால் 1970இல் 63 யார்டு உதைத்தார். 43 வருடம் யாரும் தாண்டவில்லை. 2013இல் தாண்டியவரும் டென்வரில்தான் தாண்டினார், அந்த ஊர் 1,600 மீட்டர் உயரம், காற்று லேசு, பந்து போகும். கொடைக்கானல் 2,100 மீட்டர். இங்கே ஒரு போஸ்ட் நட்டால் நானே ஐம்பது உதைப்பேன்.


கோத்தகிரி தாத்தா:

உதைத்த பந்து பள்ளத்தில் போனால் யார் எடுப்பது?


குன்னூரான்:

சரி, கணக்குப் பார்த்தேன். லெஃப்ட் டேக்கிள் முன்யோஸ், சேர்த்தாயிற்று. அக்கா சொன்னது உறைத்தது, என் பட்டியலில் பிரேடியைக் காப்பாற்ற ஒருத்தர்கூட இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ரன்னிங் பேக்கில் தாத்தாவின் 104.3க்கு என்னிடம் பதில் இல்லை, பிரவுன். (பாரியின் வீடியோவை ராத்திரி பார்ப்பேன், அது வேறு கணக்கு.) பிரேடியை விட மாட்டேன், ஒரே ஆட்டத்துக்கு ஆள் கேட்கவில்லை, எல்லாக் காலத்துக்கும் கேட்டோம்.

ஆக எங்கள் சண்டையில் ஒன்றுக்கு ஒன்று. மச்சான், அரைக் கிலோ வர்க்கி நாளைக் காலை அனுப்புகிறேன். அரைக் கிலோ பூண்டு உரித்து அனுப்பு, அம்மா ஊறுகாய் போட வேண்டுமாம்.


கோடை மச்சான்:

உரிப்பது பந்தயத்தில் இல்லை.