ஸ்கேனுக்கு எதுக்குப் பேதி மருந்து? அம்மா குடிக்க மாட்டேங்கிறாங்க

செங்கோட்டைப் பொண்ணு:
அம்மாவுக்கு 71 வயசு, சர்க்கரை இருக்கு. போன வாரம் கொலனோஸ்கோப்பிக்குப் போனோம். குடல் ரொம்ப வளைஞ்சு கிடக்குதாம், கேமரா பாதிக்கு மேல போகல. மீதியைச் சிடி ஸ்கேன்ல பார்த்துக்கலாம்னு செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கும் அதே பவுடர், ரெண்டு லிட்டர் தண்ணி. "வெளியே இருந்துதான படம் எடுக்கான், வயித்தை எதுக்குடி கழுவணும்?"னு கேக்காங்க. எனக்குப் பதில் தெரியல.

பழைய கண்டக்டர்:
தாயி, நானும் இதையே கேட்டவன்தான். மூணு வருஷம் முந்தி எனக்கும் இதே ஸ்கேன். விதை, கீரை கூடாதுன்னு சீட்டுல போட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுல கொய்யாப்பழம். ஒண்ணுதானேன்னு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்னுட்டேன். பவுடர் தண்ணியிலயும் கடைசி அரை லிட்டரை வாஷ்பேசின்ல ஊத்திட்டு, வீட்டுல குடிச்சாச்சுன்னுட்டேன். 'மலமா, சதை வளர்ச்சியான்னு சொல்ல முடியல'ன்னு ரிப்போர்ட் வந்தது. மறுபடியும் முதல்லேர்ந்து ரெண்டு லிட்டர்!

குடல் சுவத்துல ஒட்டின மலமும், பாலிப்புங்கிற அந்தச் சதை வளர்ச்சியும் படத்துல ஒரே மாதிரி மேடாத் தெரியும். அதான் மல்லாக்கப் படுக்க வச்சு ஒரு தடவை, குப்புற ஒரு தடவை எடுக்காங்க. மலம் அனேகமா இடம் மாறும், சதை ஒட்டின இடத்துலயே நிக்கும். பின்வழியா சின்னக் குழாய் வச்சுக் காத்தும் அடைப்பாங்க, வயிறு பலூனா உப்பும், மயக்க ஊசி கிடையாது. இதை எனக்கு யாரும் முன்னாடி சொல்லல, அம்மாகிட்ட சொல்லிருங்க.

கரைச்சதை ஃபிரிட்ஜுல வைங்க, சில்லுன்னா உப்புக்கரிப்பு அவ்வளவாத் தெரியாது. பின்வழியில தேங்காயெண்ணெய் முதல்லயே தடவிக்கணும், எரிய ஆரம்பிச்சப்புறம் இல்ல. ராத்திரி பாத்ரூம் லைட்டை அணைக்காதீங்க.

வயக்காட்டான்:
பவுடர் எதுக்கு? எங்க ஆச்சி விளக்கெண்ணெய் ஒரு கரண்டி குடுப்பா, மறுநாள் எல்லாம் காலி.

நைட் டூட்டி நர்ஸ்:
அண்ணே, ஆச்சி வைத்தியம் இதுக்கு வேண்டாம். விளக்கெண்ணெய் குடலை முறுக்கித் தள்ளும், எவ்வளவு சுத்தமாகும்னு கணக்கு கிடையாது. பவுடர்ல இருக்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால் உடம்புல சேராம, தண்ணியைக் குடலுக்குள்ளயே பிடிச்சு வச்சுக் கழுவிடும். உப்புகளும் அளவாக் கலந்திருக்கு.

தங்கச்சி, எந்தச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தணும்னு டாக்டர்கிட்ட இன்னைக்கே கேளுங்க. வெறும் வயித்துல கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டா சர்க்கரை சடார்னு இறங்கும். வேர்த்து, கை நடுங்குனா உடனே சர்க்கரைத் தண்ணி குடுங்க. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா அதையும் சொல்லுங்க. ஸ்கேனுக்குன்னு தனியா ஒரு மருந்து குடிக்கக் குடுத்தா விட்டுடாதீங்க. மிச்சமிருக்கிற மலத்துல கலந்து படத்துல வெள்ளையாக் காட்டிக்கொடுக்கும். கடைசியில மஞ்சத் தண்ணியாத் தெளிஞ்சு போகணும், அதுதான் அடையாளம்.

செங்கோட்டைப் பொண்ணு:
டாக்டர்கிட்ட பேசிட்டேன் அக்கா, மாத்திரை விஷயம் சொல்லிட்டாங்க. கண்டக்டர் ஐயா, உங்க கதையை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒரே சிரிப்பு. அப்புறம் மெதுவா, "அரை லிட்டரை எங்க ஊத்தினாராம்?"னு கேக்காங்க. திங்கட்கிழமை வாஷ்பேசின் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காரப் போறேன்.